கையெழுத்து அண்ணனின் கடைசித் தபால்

அவருக்குப் பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் மாதத்துக்கு ஒரு தடவை அது வரும். மற்ற நாட்களில் செயலகம் முழுவதும், மேல்மாடி அதிகாரியிலிருந்து டீக்கடைக்காரர் வரை, எல்லோருக்கும் அவர் "கையெழுத்து". எங்கள் பிரிவில் கொஞ்சம் மரியாதை சேர்த்து "கையெழுத்து அண்ணன்". தபாலை எடுத்துக்கொண்டு போனால் கையெழுத்தில்லாமல் திரும்பமாட்டார் என்பதால் வந்த பட்டம்.

அவை உறுப்பினர்களாக இருந்து ஓய்ந்தவர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கிற பிரிவு எங்களுடையது. ஒரு நீள அறை, ஆறு மேசை, நாலு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றும். கதவோரத்தில் ஒரு மர ஸ்டூல், பக்கத்தில் தபால் தட்டு, அதன்மேல் பச்சை அட்டை போட்ட பதிவேடு. அந்த ஸ்டூலில் அண்ணன் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தார். நான் மூன்றாவது மேசை. அவரை எனக்குப் பதினேழு வருஷமாகத் தெரியும். அதில் பாதி வருஷம் அவரோடு சண்டைதான் போட்டிருக்கிறேன். மனுஷன் அப்படி ஒரு பிடிவாதம்.

யாரையும் "நீ" என்று சொல்லமாட்டார். கூட்டுகிறவரையும் "வாங்க", மேல்மாடிப் பூனையையும் "போங்க". ஒருமுறை அந்தப் பூனை எங்கள் கோப்பு ஒன்றின்மேல் குட்டி போட்டுவிட்டது. "கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா" என்று அதனிடம் சொல்லி, கோப்பை உருவி எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

எங்கள் செயலகத்தில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போனால் இந்தக் கதை விளங்காது. ஊழியர் ஓய்வு பெறுகிற நாளில் அவர் பேரில் குறிப்பாணை எதுவும் நிலுவையில் இருக்கக்கூடாது. இருந்தால், அது முடிகிறவரை அவருடைய ஓய்வூதியம் தொடங்காது. குறிப்பாணை என்றால், "நீ இப்படிச் செய்ததாகப் புகார், பதினைந்து நாளில் பதில் சொல்" என்று கேட்கிற காகிதம். ஆனால் கடைசி நாள் மாலை மணி அடிப்பதற்குள் அது அவர் கைக்குப் போய்ச் சேராவிட்டால் செத்த காகிதம். அதனால் ஓய்வுபெறப் போகிறவர்கள் கடைசி மாதத்தில் பேனா மூடியைத் திறக்கமாட்டார்கள். யாரிடமும் உரக்கப் பேசமாட்டார்கள். பாதிப் பேர் லீவு போட்டுவிட்டு வீட்டில் படுத்துவிடுவார்கள். அப்படியும் கடைசி நாளில் ஒரு உறை வந்துவிட்டால், தபால் பார்க்கிறவர் அதை மறுநாள் காலைவரை "மறந்துவிடுவார்". யாரும் கேட்கமாட்டார்கள். எல்லாப் பிரிவிலும் இதுதான் நடைமுறை.

எங்கள் பிரிவைத் தவிர. நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தலைமை எழுத்தரின் பிரிவு உபசாரத்தன்று, அவர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் பதிவேட்டோடு போய் நின்றார். "உங்களுக்கு ஒரு தபாலுங்க. இங்க ஒரு கையெழுத்து." தலைமை எழுத்தர் பேயறைந்த மாதிரி பார்த்தார். நாங்கள் எல்லோரும் கண்ணைக் காட்டினோம். நான் அவர் காலைக்கூட மிதித்தேன். அண்ணன் காலை நகர்த்திக்கொண்டாரே தவிர பதிவேட்டை நகர்த்தவில்லை. அந்தக் குறிப்பாணை தீர இரண்டு வருஷம் ஆனது. அதுவரை தலைமை எழுத்தர் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் அண்ணனைப் பார்த்தால் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

"ஏண்ணே, ஒரு ராத்திரி உங்க தட்டுல கிடந்தா என்ன?" என்று கேட்டேன்.

"என் தட்டுல எதுவும் தங்கினதில்லம்மா" என்றார். அவ்வளவுதான் விளக்கம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பேசாததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் அந்தச் சட்டம் வந்தது. கடுமையான குற்றம் செய்து, ஐந்து வருஷத்துக்குக் குறையாத தண்டனை பெற்ற முன்னாள் உறுப்பினர்களுக்கு இனி ஓய்வூதியம் கிடையாது. பத்திரிகைகள் கைதட்டின. அவையில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே குரலில் ஆதரித்தார்கள். ஒரே குரலில் ஆதரிக்கிறார்கள் என்றதும் எனக்கு மூக்கில் வியர்த்தது. பின்னாலேயே விதிகள் வந்தன. விதிகளை எழுதியது பதினொரு உறுப்பினர்கள் கொண்ட குழு. அதில் மூன்று பேர்மேல் அப்போதே வழக்கு நடந்துகொண்டிருந்தது.

எங்களுக்கெல்லாம் ஒரு காகிதம் வரவேண்டுமென்றால் வீட்டுக் கதவில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனால் போதும், வந்து சேர்ந்ததாகக் கணக்கு. மாண்புமிகு முன்னாள்களுக்கு அப்படிச் செய்யமுடியுமா? அறிவிப்பை நேரில் கொடுக்கவேண்டும். அதைப் படித்துப் பார்த்ததாக அவரே தம் கைப்பட எழுதி, தேதியிட்டுக் கையொப்பம் போடவேண்டும். சட்டம் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அந்தக் கைப்பட எழுதிய காகிதம் எங்கள் கோப்பில் வந்து சேரவேண்டும். சேராவிட்டால் அவருக்குச் சட்டம் பொருந்தாது, சாகும்வரை ஓய்வூதியம் உண்டு. பூட்டைச் செய்து சாவியைத் திருடன் கையில் கொடுத்ததுபோல ஒரு விதி. எங்கள் பிரிவு சூப்பிரண்டு அதை மூன்று தடவை படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்காங்க" என்றார்.

பட்டியலில் மூன்று பேர். இரண்டு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் அழுதுகொண்டே எழுதினார், இன்னொருவர் நினைவு தப்பிப்போய் அண்ணனைத் தன் தொகுதிக்காரர் என்று நினைத்து, வீட்டுமனையும் தருவதாக எழுதிக் கொடுத்தார். மூன்றாவது ஆளைத்தான் நாங்கள் பிரிவில் வெறுமனே "முன்னாள்" என்று சொல்வோம். மூன்று முறை ஜெயித்தவர். ஒரு நிலத்துக்காக ஒரு புருஷன் பெண்டாட்டியைச் செங்கல் சூளைக் கிடங்கில் மூன்று நாள் பூட்டிவைத்துக் கையெழுத்து கேட்டவர். மூன்றாம் நாள் அந்த மனுஷன் செத்துப்போனான். பெண்டாட்டி உயிரோடு வந்து கோர்ட்டில் சாட்சி சொன்னாள். பத்து வருஷம் போட்டார்கள். கையெழுத்தின் அருமை தெரிந்த ஆள், சுலபத்தில் போட்டுவிடுவாரா?

அண்ணன் சிறைக்குப் போனார். "நெஞ்சுவலி, ஆஸ்பத்திரில இருக்கார்" என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனார். "குணமாகிச் சிறைக்குப் போய்ட்டார்" என்றார்கள். இப்படி நாலு மாதத்தில் ஒன்பது தடவை. ஆறு மாதக் கெடு முடிகிற நாளும் அண்ணன் ஓய்வு பெறுகிற நாளும் ஒன்றாகவே அமைந்தன. அவர் கடைசி மாதத்துக்குள் வந்துவிட்டார்.

சூப்பிரண்டு கெட்டவரில்லை. அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "பாருப்பா, அந்த ஆளு உள்ள இருந்தாலும் வெளிய கை நீளம். உன்னைப் பத்தி ஒரே ஒரு புகார் எழுதிட்டான்னா போதும், உன் பென்ஷன் தொங்கிடும். லீவு போட்டுட்டு வீட்ல இரு. கெடு போனாப் போவுது. யாரும் உன்னைக் கேக்கமாட்டாங்க."

"அந்தத் தபால் என் பேர்ல பதிவாயிருக்குங்க" என்றார் அண்ணன்.

மறுநாள் அவர் மனைவி என் மேசைக்கே வந்துவிட்டார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒல்லியான உடம்பு, குரல் மட்டும் மூன்று பேருக்கானது. "ஏம்மா, நீயாவது சொல்லக்கூடாதா? குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். தையல் கடைக்கு மேல ரெண்டு ரூம் பாத்து வச்சிருக்கேன், வாடகைக்கு இந்த பென்ஷனை விட்டா வேற வழியில்ல. இந்த மனுஷன் ஊர்ல இருக்கிற வம்பையெல்லாம் விலைக்கு வாங்கிட்டு வந்து நிக்கிறார். முப்பத்தாறு வருஷம் ஸ்டூல்ல உக்காந்ததுக்கு நாற்காலிதான் கிடைக்கல, சோறாவது கிடைக்கட்டுமே!"

அண்ணன் கதவோரத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "வந்தது வந்தீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று மனைவியிடம் சொன்னார்.

அது உயிர்ச் சான்று வாங்குகிற மாதம். ஓய்வூதியம் வாங்குகிற ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒருமுறை "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று எங்கள் ஆள் முன்னால் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கு மட்டும் முன்னாள் எங்கே இருக்கிறார் என்று தெளிவாகத் தகவல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, கைதிகள் வார்டு, பிற்பகல் மூன்று மணி. காசு வருகிற காகிதம் என்றால் நெஞ்சுவலிகூட நேரம் ஒதுக்கிக் கொடுத்துவிடுகிறது.

கிளம்புகிற சமயத்தில் சூப்பிரண்டு ஒரு யோசனை சொன்னார். "உயிர்ச் சான்றுல அவன் நாலு வரி எழுதித்தானே கையெழுத்து போடணும்? அதுக்கு அடியில நம்ம அறிவிப்புக்கான ஒப்புகைத் தாளை வச்சு மடிச்சுடு. 'படித்தேன், சரி'ன்னு எழுதச் சொல்லு. அவன் பாக்கவா போறான்?"

பிரிவு முழுக்க நிமிர்ந்து பார்த்தது. நல்ல யோசனைதான். எனக்கே தோன்றாமல் போயிற்றே என்றுகூட நினைத்தேன்.

"ஏமாத்திக் கையெழுத்து வாங்கச் சொல்றீங்களா?" என்றார் அண்ணன்.

"ஏமாத்துறதில்லப்பா, ஒரு சாமர்த்தியம்."

"அவரும் சூளைல அதத்தானேங்க செஞ்சார். அவர் அடைச்சு வச்சு வாங்கப் பாத்தார். நான் மடிச்சு வச்சு வாங்கணுமா?" என்று சொல்லிவிட்டு இரண்டு காகிதத்தையும் தனித்தனி உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சூப்பிரண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே நடந்ததை மறுநாள் அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவருக்குக் கூட்டவும் தெரியாது, குறைக்கவும் தெரியாது, அதனால் நம்பலாம்.

முன்னாள் கட்டிலில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாராம். வாசலில் ஒரு காவலர், ஸ்டூலில். உயிர்ச் சான்றை வாங்கி, நாலு வரியையும் அழகாக எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அண்ணன் இரண்டாவது உறையை நீட்டினார். முன்னாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அறிவிப்பின் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். திருப்பியும் படித்தார். பிறகு மடித்து அண்ணன் கையிலேயே கொடுத்தார்.

"கை வலிக்குதுப்பா" என்றார்.

"இப்பத்தான் எழுதினீங்க ஐயா."

"அதுலதான் வலி வந்துடுச்சு."

"வலி போற வரைக்கும் நிக்கிறேங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் கட்டில் ஓரமாக நின்றார். நாற்பது நிமிஷம். முன்னாள் இரண்டு ஆரஞ்சு தின்றார். கை நன்றாகத்தான் வேலை செய்தது. நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம் முடிந்தது. காவலர் எழுந்ததும் முன்னாள் சிரித்துக்கொண்டே கேட்டார்: "உனக்கு இது கடைசி மாசமாமே? விசாரிச்சேன். நல்லபடியா வீடு போய்ச் சேரணும்னு ஆசையில்லையா?"

"இருக்குங்க ஐயா" என்றார் அண்ணன். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

முப்பத்தாறு வருஷத்தில், ஆளை நேரில் பார்த்தும் கையெழுத்தில்லாமல் திரும்பிய முதல் தபால். பதிவேட்டில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போகட்டும், பென்ஷனாவது பிழைத்ததே என்று நினைத்தேன்.

கடைசி நாள் வந்தது. மதியம் டீ, பிஸ்கட், ஒரு சுவர்க் கடிகாரம். சூப்பிரண்டு பேசினார். நான் பேசவில்லை, பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அக்காவும் வந்து, புதுப் புடவையில், முதல் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாலை ஐந்தே முக்காலுக்கு மணி அடித்தால் அண்ணன் ஊழியர் இல்லை. அப்புறம் யாரும் அவரை ஒன்றும் செய்யமுடியாது. அக்கா கடிகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவரிலிருந்த பழைய கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றரைக்கு மேல்மாடி ரகசியப் பிரிவிலிருந்து ஒரு கட்டுத் தபால் வந்து தட்டில் விழுந்தது. ஏழு உறை. அண்ணன் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோய் ஒவ்வொன்றாகப் பதிந்தார். ஆறாவது உறையில் கை நின்றது. எட்டிப் பார்த்தேன். அரக்கு முத்திரை. சம்பளப் பட்டியலில் மட்டும் வருகிற அந்தப் பெயர்.

"அண்ணே," என்றேன் மெதுவாக, "அதைக் கீழ போடுங்க. நாளைக்குக் காலைல நான் பாத்துக்கறேன்."

சூப்பிரண்டுக்கும் புரிந்துவிட்டது. "ஏம்பா, உன் வேலையெல்லாம் முடிஞ்சுது. வந்து பிஸ்கட் சாப்பிடு."

அக்கா எழுந்தே விட்டார். "என்னங்க அது? யாருக்கு? ஏங்க, உங்களைத்தான் கேக்கறேன்! அதை அங்கயே வச்சிட்டு வாங்க, சொல்லிட்டேன்!"

அண்ணன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் தயங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சத்தியமாகச் சொல்கிறேன், அவருக்கும் ஆசை வந்தது. முகத்தில் தெரிந்தது.

"தலைமை எழுத்தருக்குக் கொடுத்தேனே" என்றார். எங்களுக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியாது. "அவர் பிஸ்கட் சாப்பிட்டுட்டு இருந்தார். அப்பவும் கொடுத்தேன்."

பதிவேட்டில் எண்ணை எழுதினார். கொடுத்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். பெற்றவர் என்ற இடத்திலும் கையெழுத்துப் போட்டார். மணி மூன்று நாற்பது என்று குறித்தார். பிறகு உறையைத் தன்னிடமே நீட்டிக்கொள்வதுபோல ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். எனக்கு அவரை அடிக்கலாம்போல் இருந்தது. அக்கா, "படுபாவி மனுஷா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே ஒரு குறிப்பாணை. இணைப்பாக ஒரு நகல். முன்னாள் எங்கள் செயலகத்துக்கு எழுதிய புகார். அண்ணன் எழுத்துக்கூட்டுகிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தார். நடுவில் நிறுத்தி, என்னிடம் வந்து காட்டினார்.

"தங்கச்சி, இந்த எண் நம்ம அறிவிப்போட எண்தானே?"

வாங்கிப் பார்த்தேன். முன்னாளின் அழகான கையெழுத்து, மூன்று பக்கம். தேதி, கையொப்பம் எல்லாம் இருந்தது. "இந்த எண்ணிட்ட அறிவிப்பை உங்கள் ஊழியர் என்னிடம் கொடுத்தார். அதை ஒரு வரி விடாமல் இருமுறை படித்துப் பார்த்தேன். நாற்பதாண்டுப் பொதுவாழ்வை அவமதிக்கும் அந்த அறிவிப்பில் கையெழுத்துப் போட மறுத்தேன். அதற்கு உங்கள் ஊழியர் என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, 'டேய், போடுடா' என்று மிரட்டினார்."

கையெழுத்துப் போடமாட்டேன் என்பதை மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! ஒரு சாதாரண ஸ்டூல்காரன் தன் முன்னால் நாற்பது நிமிஷம் நின்றதை அந்தப் பெரிய மனுஷனால் பொறுக்கமுடியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் சாகும்வரை வாங்கித் தின்றிருக்கலாம். புகார் எழுதாமல் இருக்கமுடியாத கை.

சூப்பிரண்டு மூன்று படிகளை ஒரே எட்டில் தாண்டுவார் என்று அன்றுதான் தெரிந்தது. மேல்மாடிச் சட்ட அதிகாரி, ரகசியப் பிரிவிலிருந்து அசலை வரவழைத்து, விதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒத்துப் பார்த்தார். அறிவிப்பைப் படித்ததாகத் தம் கைப்பட எழுதியிருக்கிறார், தேதியிட்டிருக்கிறார், கையொப்பமும் இருக்கிறது. ஐந்தரைக்கு அந்த அசல் எங்கள் கோப்பில் ஏறியது. ஐந்தே முக்காலுக்கு மணி அடித்தது. எங்கள் பிரிவில் யாரோ கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அக்கா மட்டும் தட்டவில்லை.

அவர் சரியாகத்தான் யோசித்திருக்கிறார். மறுநாள் நான் சட்ட அதிகாரியிடம் போய், "சார், அண்ணனாலதானே இவ்வளவும் நடந்துச்சு, அந்தக் குறிப்பாணையை வாபஸ் வாங்கிடலாமே" என்றேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "வாங்கினப்புறம் வாபஸ் கிடையாதும்மா, பதில்தான் உண்டு. அதுலயும் ஒரு சிக்கல். புகார் பொய்னு உங்க ஆள் பதில் கொடுத்தா, நாம விசாரிச்சு ஒரு முடிவு எழுதணும். பொய்னு நாமளே எழுதிட்டா, அவனோட வக்கீல் வந்து, பொய்க் கடிதத்தை எப்படி ஒப்புகையா எடுத்தீங்கன்னு கேப்பான். பாதி உண்மை, பாதி பொய்னு நம்மால சொல்ல முடியாது. பென்ஷன் அவனுக்குத் திரும்பிடும்."

"பதிலே கொடுக்கலன்னா?"

"பதினஞ்சு நாள் பாத்துட்டு, குற்றத்தை ஒத்துக்கிட்டதா எடுத்துக்குவோம். ஏதாவது ஒரு தண்டனை வரும்."

அந்த அறிவிப்புக்குப் பதில் சொல்ல முன்னாளுக்கு முப்பது நாள் தவணை. அதனால் அந்த மாதம் அவருக்கு ஓய்வூதியம் போய்ச் சேர்ந்தது. அண்ணனுக்குப் போகவில்லை. இரண்டு பட்டியலும் என் கையால்தான் தயாரானது. எரிச்சலில் ஒரு தாளைக் கசக்கி எறிந்தேன், பிறகு எடுத்து நீவிச் சரிசெய்தேன்.

பதினைந்தாம் நாள் மதியம் அரைநாள் லீவு போட்டுவிட்டு, ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு தையல் கடை மாடிக்குப் போனேன். கீழே மெஷின் ஓடுகிற அதிர்வில் தரை இலேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரம் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. முதல் மாத வாடகைக்கு அக்கா வளையலை அடகு வைத்திருக்கிறார் என்பது கையைப் பார்த்ததும் தெரிந்தது.

"அண்ணே, நீங்க கட்டில்ல உக்காரல. டேய்னு சொல்லல. அதை மட்டும் எழுதுங்க. அவன் நாசமாப் போறான், உங்க பென்ஷனை நீங்க வாங்குங்க."

"எழுதினா அவருக்குத் திரும்பக் கிடைச்சிடுமாம்மா?"

எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "கிடைக்கும்னு சட்ட அதிகாரி சொல்றார்."

அண்ணன் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொய்யை ஒத்துக்கொண்டு எழுதவும் மாட்டார், உண்மையை எழுதினால் அந்த ஆள் தப்பிவிடுவான். நான் அக்காவைத்தான் நம்பியிருந்தேன். அவர் ஒரு அதட்டு அதட்டினால் எழுதிவிடுவார் என்று கணக்குப் போட்டுத்தான் போயிருந்தேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"ஏம்மா, அந்தச் சூளைல இருந்து வந்தாளே ஒருத்தி, அவ இப்ப எப்படி இருக்கா?"

"தெரியலக்கா."

"அவ புருஷனைக் கொன்னவனுக்கு மாசாமாசம் நம்ம கையாலதான் பணம் போகுதுன்னு இத்தனை நாள் எனக்குத் தோணல பாரு." தாளை அண்ணன் முன்னாலிருந்து எடுத்து என் பைக்குள் அவரே செருகினார். "இவர் எழுத வேணாம்மா. நீ சாப்பிட்டுட்டுப் போ."

மூன்றாவது மாதம் ஆணை வந்தது. அதற்குள் முன்னாளின் ஓய்வூதியம் நின்றுவிட்டிருந்தது. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே நான் அடித்த கோடு கொஞ்சம் தடிமனாகவே விழுந்தது. அண்ணனின் ஆணையைத் தபாலில் போட மனசில்லாமல் நானே எடுத்துப்போனேன். வாசலிலேயே வாங்கி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம்தான் பிரித்தார்.

ஓய்வூதியம் தொடங்கும். ஆனால், மாண்புமிகு முன்னாள் உறுப்பினர் ஒருவரை "டேய்" என்று விளித்த குற்றத்துக்காக, அதில் பத்தில் ஒரு பங்கு ஆயுள் முழுவதும் பிடிக்கப்படும்.

அண்ணன் ஆணையை இரண்டு தடவை படித்தார். "உங்களுக்கு இது அநியாயம்ணே" என்றேன்.

"ஆயுள் முழுக்கவாம்" என்றார். "இவ்வளவு ஆகும்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஒரு தடவை சொல்லியிருக்கலாம்மா."

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தார். "இப்பச் சொல்லுங்க! அதான் மாசாமாசம் காசு கட்டப் போறோமே. சும்மாவா விடறது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். மாடிப்படியை எட்டிப் பார்த்தார், யாரும் வரவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஆஸ்பத்திரி இருக்கிற திசையாகத் திரும்பி நின்றார்.

"டேய்" என்றார்.

பழக்கமில்லாத வார்த்தை, ரொம்ப மரியாதையாக வந்தது. முகம் சிவந்து, உடனே என்னிடம், "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார்.

"காதுலயே விழல" என்றார் அக்கா. "இன்னொரு தடவை, சத்தமா."